பதினோராவது பொருத்தம்

ஜோசியரைக் கேட்டால் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் என்பார். தினம், கணம், மகேந்திரம் என்று ஆரம்பித்து ரஜ்ஜு, வேதை வரை விரல் மடக்குவார். பையனிடம் ஒரு தேசத்துப் பாஸ்போர்ட், பெண்ணிடம் இன்னொரு தேசத்துப் பாஸ்போர்ட் என்றால் பதினோராவதாக ஒன்று வந்து சேர்ந்துகொள்கிறது. விசாப் பொருத்தம்! மற்ற பத்தில் எது இடித்தாலும் திருமணஞ்சேரிக்குப் போய் மாலை சாத்திவிட்டு வரலாம். இது இடித்தால் பரிகாரம் ஒன்றுதான். ரிட்டர்ன் டிக்கெட்!

'சார், எனக்கெல்லாம் அத்தை பெண் கிடைப்பதே குதிரைக் கொம்பு. இதில் விசா எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். திருவண்ணாமலைக்கு வந்து பாருங்கள். வேலூர் ரோட்டில் வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம். ஊரின் இன்னொரு பக்கம் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம். 1896-ல் மதுரையிலிருந்து வந்த ஒரு பையன் 1950-ல் மறையும்வரை இந்த மலையடிவாரத்தைவிட்டு நகரவில்லை. பால் பிரண்டன் என்கிற ஆங்கிலேயர் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் 1934-ல் வெளிவந்ததிலிருந்து வெள்ளைக்காரர்கள் வருவது நிற்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் மோட்சம் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பக்கத்தில் நடந்து வருகிறவரோடு பேசிக்கொண்டே போனால் அது ரொம்பச் சின்ன தூரம். அப்புறம் மோட்சம் கொஞ்ச நாள் தள்ளிப்போகிறது.

வேங்கிக்காலில் குடியிருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் உத்தியோகம், டூவீலர் லோன், ஞாயிற்றுக்கிழமை தூக்கம். பெயர் வேண்டாம், 'நம்மாள்' போதும். அவர் மனசில் இருக்கும் பெண் ஜெர்மனி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் சம்மதம். வீட்டிலும் ஒரு மாதம் அழுது முடித்துவிட்டார்கள். அடுத்து?

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி, 'எந்த விசா எடுக்கணும்?' என்பது. அது நாலாவது கேள்வி. அதற்கு முன் மூன்று இருக்கின்றன. கல்யாணம் எங்கே? குடித்தனம் எங்கே? ஃபைல் யார் பெயரில்? இந்த மூன்றுக்கும் விடை சொன்னால் விசா தானாகவே வந்து நிற்கும். சொல்லாமல் விசா எடுத்தவர்கள்தான் ஏர்போர்ட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

கல்யாணம் எங்கே?

நம்மாள் பெண்ணுக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, போட்டோ எடுத்து, ஊருக்கே சாம்பார் சாதம் போடலாம். சந்தோஷம். ஆனால் விசா ஆபீஸர் போட்டோவைப் பார்த்துப் புன்னகை செய்வாரே தவிர, முத்திரை குத்த மாட்டார். அவருக்கு வேண்டியது ரெஜிஸ்டர் ஆபீஸ் காகிதம்.

மதம் வேறு, தேசம் வேறு என்றால் நேரான வழி 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். இந்திய மண்ணில் நடக்கும் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் இந்தியராக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. பையனுக்கு 21, பெண்ணுக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கக்கூடாது. சம்மதம் கொடுக்கிற மனநிலை வேண்டும். தடை செய்யப்பட்ட நெருங்கிய உறவாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான். பெண்ணின் நாட்டுத் தூதரகத்திலிருந்து 'இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, தடையில்லை' என்கிற மாதிரி ஒரு சான்றிதழும் பெரும்பாலும் கேட்பார்கள்.

இனிமேல்தான் கணக்கு. அடியேன் பி.காம்., பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று போட்டுப் பார்த்தால்தான் எதுவும் புரியும்.

நோட்டீஸ் கொடுப்பதற்கு முன், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஒருவர் போதும் என்பதால், வேங்கிக்கால்வாசியான நம்மாள் அதைச் சமாளித்துவிடுவார். நோட்டீஸை ஆபீஸில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். அதிலிருந்து 30 நாள், யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை சொல்லலாம். ஆனால் மேலே சொன்ன நிபந்தனைகள் மீறப்பட்டிருந்தால்தான் அது செல்லும். 'பையனோட மாமாவுக்குப் பிடிக்கலை' என்பது சட்டப்படி ஆட்சேபணை இல்லை. 30 நாள் முடிந்ததும், மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ளலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் நடக்காவிட்டால் அந்த நோட்டீஸ் காலாவதி. மறுபடி முதலிலிருந்து பரமபதம்!

இப்போது பெண்ணின் விசாவைப் பாருங்கள். இணையத்தில் எடுக்கிற டூரிஸ்ட் விசாவில் 30 நாள், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று மூன்று தினுசு. 'எதுக்கு வீண் செலவு, 30 நாள் போதும்' என்று சிக்கனம் பிடித்தால் என்ன ஆகும்? வந்து இறங்கி, ஜெட்லாக் தெளிந்து, நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் முடிகிறபோது பெண் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருப்பார். சாட்சிகள் மூன்று பேரும் நம்மாளும் மட்டும் ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று. விசாவின் ஆயுள் வேறு, ஒரே மூச்சில் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. ஐந்து வருஷ விசா என்பதற்காக ஐந்து வருஷமும் இங்கேயே உட்கார முடியாது. அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நாள் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2022-ல் நடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண். இந்திய வம்சாவளி அமெரிக்க மாப்பிள்ளை. மணவாளக்குறிச்சி சார்பதிவாளர் ஆபீஸில் மே மாதம் சிறப்புத் திருமணச் சட்டப்படி விண்ணப்பம் கொடுத்தார்கள். ஆட்சேபணை வந்தது. அதில் சாரம் இல்லை. 30 நாளும் முடிந்தது. இருவரும் நேரில் போய் நின்றும் கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். இங்கே பெண், அங்கே பையன், நடுவில் காலாவதியை நோக்கி ஓடுகிற நோட்டீஸ்!

அந்தப் பெண் மதுரைக்குப் போய் உயர் நீதிமன்றக் கிளையின் கதவைத் தட்டினார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2022 ஜூலை 28-ல் தீர்ப்புச் சொன்னார். மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோ மூலம் கல்யாணத்தை நடத்தி வையுங்கள். மாப்பிள்ளை கொடுத்திருக்கும் பவர் பத்திரத்தைக் கொண்டு அவருக்காகவும் பெண்ணே கையெழுத்துப் போடட்டும். பிறகு சான்றிதழ் கொடுங்கள் என்று சார்பதிவாளருக்கு உத்தரவு. கல்யாணம் செய்துகொள்வது மனிதனின் அடிப்படை உரிமை, சட்டத்தை அதற்கு உதவுகிற மாதிரிதான் படிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

படிக்க இனிமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் 'அப்படியானால் நாமும் செல்போனிலேயே தாலி கட்டிவிடலாம்' என்று கிளம்பாதீர்கள். அது கோர்ட்டுக்குப் போய் வாங்கிய உத்தரவு. தவிர, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் வேடிக்கையான ஷரத்து ஒன்று இருக்கிறது. இருவரும் நேருக்கு நேர் இல்லாமல் நடந்த கல்யாணத்தில், அதற்குப் பிறகு தம்பதி சேர்ந்து தாம்பத்தியம் நடத்தியிருந்தால்தான் கணவன் மனைவி என்று ஏற்பார்கள். நம் ஊர்ச் சட்டம் அட்சதை போட்டாலும், அந்த ஊர்ச் சட்டம் சாந்தி முகூர்த்தம் வரை காத்திருக்கிறது!

வெளிநாட்டில் போய்க் கல்யாணம் செய்துகொள்வது என்றால், ஒருவராவது இந்தியராக இருக்கிறபோது அங்குள்ள இந்தியத் தூதரகத்திலேயே நடத்தலாம். 1969-ம் வருஷத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டம் அதற்காக வந்ததுதான். அந்தந்த நாட்டுச் சட்டப்படியும் செய்துகொள்ளலாம். எங்கே செய்தாலும் சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நமக்கோ இனிஷியல் ஒரு தீராத வியாதி. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் 'கே', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ரேஷன் கார்டில் இரண்டுமே தப்பாக! நமக்கு அது ஒரே ஆள். அந்த ஊர் கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். மூன்று பேரைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு எந்த நாடு விசா கொடுக்கும்?

குடித்தனம் எங்கே?

வேங்கிக்காலிலேயே என்றால் ரூட் இதுதான். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் இந்தியரைக் கட்டிக்கொள்வது குற்றமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, இந்தியரின் வாழ்க்கைத் துணைக்கான 'எக்ஸ்' விசாவாக அதை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. முக்கியமான நிபந்தனை: கையில் இருக்கும் விசா செத்துப்போவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். 180 நாளைத் தாண்டுகிற நீண்டநாள் விசாக்காரர்கள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பெரிய ஆபீஸ் சென்னையில். மாவட்டங்களில் பொதுவாக எஸ்.பி.தான் அந்த அதிகாரி. விண்ணப்பமெல்லாம் இப்போது இணையம் வழியே. வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதும் விதி. 'மருமகள்தானே, இதுக்கு எதுக்கு போலீஸ்?' என்று அம்மா கேட்பார். பக்குவமாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

2025 செப்டம்பர் 1 முதல், 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 என்ற ஒரே சட்டம் வந்துவிட்டது. அதனால், 'எங்க சித்தப்பா 1998-ல் இப்படித்தான் சார் பண்ணினார்' என்கிற ஆலோசனையை மரியாதையாகக் கேட்டு, மரியாதையாக மறந்துவிடுங்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருஷம் தாண்டினால், வெளிநாட்டுத் துணை ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். (பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமக்களுக்கு இது கிடையாது.) அதற்குப் பிறகு விசாவுக்காக ஓட வேண்டாம். ஆனால் ஓட்டு இல்லை. மலை தெரிகிற மாதிரி அரை ஏக்கர் நஞ்சை வாங்கிப் போடலாம் என்றால் அதுவும் முடியாது. விவசாய நிலம் வாங்க அந்த அட்டைக்கு உரிமை கிடையாது. முழுக் குடியுரிமையே வேண்டும் என்றால், இந்தியரைக் கட்டிக்கொண்டு இங்கே ஏழு வருஷம் வசித்திருக்க வேண்டும். சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைத் துறக்கவும் வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை.

நம்மாள் ஜெர்மனிக்குப் போவதாக இருந்தால் கதை வேறு. 2007 ஆகஸ்டிலிருந்து, துணையோடு சேரப் போகிறவர் பெரும்பாலும் ஆரம்ப நிலை ஜெர்மன் பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். காதலிக்கிறபோது கண்ணால் பேசியதெல்லாம் அங்கே செல்லாது. மாக்ஸ்முல்லர் பவனில் உட்கார்ந்து 'டேர், டீ, டாஸ்' படிக்க வேண்டும். மேஜை ஆண்பால், பூனை பெண்பால், கல்யாணமாகாத பெண் மட்டும் அலிபால் என்கிற பாஷை. 'ஐ லவ் யூ'வுக்கு முன்னால் இலக்கணம்!

பிரிட்டனில் பாஷையோடு பணமும். அங்கே இருக்கிற துணைக்கு வருஷத்துக்கு இவ்வளவு வருமானம் என்று காட்ட வேண்டும். 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்ததை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்ட் ஆக்கினார்கள். நம் ரூபாயில் முப்பது லட்சத்துக்கு மேல். அந்த ஊரிலேயே பல பேருக்கு அவ்வளவு சம்பளம் கிடையாது. காதலுக்குக் கண் இல்லை. விசா ஆபீஸுக்குக் கண்ணும் உண்டு, கால்குலேட்டரும் உண்டு.

சிங்கப்பூர் விஷயத்தை நம் பையன்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒர்க் பெர்மிட்டில் போய்க் கட்டட வேலை செய்கிறவர், சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கட்டிக்கொள்வதாக இருந்தால், அங்குள்ள மனிதவள அமைச்சகத்தின் அனுமதி முதலில் வேண்டும். ஊருக்கு வந்து கட்டிக்கொண்டாலும் சரி, பெர்மிட் முடிந்த பிறகு கட்டிக்கொண்டாலும் சரி, விதி அதேதான். அனுமதி இல்லாமல் கட்டிக்கொண்டால் அந்த நாட்டுக்குள் நுழையவே தடை வரலாம். மனைவி ஒரு கரையில், புருஷன் ஒரு கரையில்!

கடைசியாக, எல்லோரும் கேட்கிற அமெரிக்கா. துணை அமெரிக்கக் குடிமகன் அல்லது குடிமகள் என்றால் இரண்டு கதவு. ஒன்று 'கே-1', நிச்சயம் செய்துகொண்டவருக்கான விசா. இன்னொன்று கல்யாணமானவருக்கான 'சி.ஆர்-1'. பற்று வரவு போடுவோம்.

கே-1-க்கு மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் இருவரும் ஒரு தடவையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். போய் இறங்கி 90 நாளுக்குள், மனுப் போட்ட அதே ஆளைக் கட்டிக்கொள்ள வேண்டும். 'ஆள் போட்டோவில் வேற மாதிரி இருந்தாரே' என்று மனசு மாறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேறு விசாவுக்கு மாற முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு கிரீன் கார்டுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். வேலை அனுமதி வரும்வரை சம்பாதிக்க முடியாது.

சி.ஆர்-1-ல் கல்யாணம் முதலில். அப்புறம் மனு. புதுப் பெண்டாட்டியைப் பிரிந்து காத்திருக்க வேண்டும். அது பற்றுப் பக்கம். வரவுப் பக்கம் என்ன? போய் இறங்குகிற அன்றே அவர் நிரந்தரவாசி. வேலைக்குப் போகலாம், தன் பெயரில் சம்பளம் வாங்கலாம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாமல் போயிருந்தால், கையில் கிடைப்பது இரண்டு வருஷ நிபந்தனை கார்டு. அது முடிகிற கடைசி 90 நாளில் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். பொய்க் கல்யாணங்களைப் பிடிக்க 1986-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது.

'டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே கட்டிக்கிட்டு இருந்துட்டா என்ன?' என்று கேட்கிற கெட்டிக்காரர்களுக்கு: கவுண்டரில் 'சுற்றிப் பார்க்க வந்தேன்' என்று சொல்லிவிட்டு, மனசில் குடியேறுகிற திட்டம் இருந்தது என்று முடிவானால், அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம். வாழ்நாள் தடை வரை போகும். இரண்டு மாதத்தைச் சேமிக்கப் போய் இருபது வருஷத்தைக் கோட்டை விட வேண்டாம்.

ஃபைல் யார் பெயரில்?

இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது இதைத்தான்.

எல்லை தாண்டிப் போகிற ஒருவர், அம்மா அப்பா, வேலை, பாஷை, தெருமுனைக் கடைக்காரர் எல்லாவற்றையும் இங்கே விட்டுவிட்டுப் போகிறார். கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம். அந்தக் காகிதத்தின் நூல் இன்னொருவர் கையில். பெரும்பாலும் போகிறவர் பெண், நூல் பிடித்திருப்பவர் ஆண்.

நம் ஊரிலிருந்து 'ஹெச்-1பி' மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகிற பெண்களுக்குக் கிடைப்பது 'ஹெச்-4'. இன்ஜினீயரிங் படித்த பெண், இங்கே நல்ல சம்பளம் வாங்கியவர், அங்கே போய் ஜன்னல் வழியே பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2015 மே 26-லிருந்துதான் அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தது. அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும். விவாகரத்து ஆனால் அந்த ஹெச்-4-ம் போச்சு.

'அமெரிக்காக்காரன் அப்படித்தான்' என்று உச்சுக் கொட்டாதீர்கள். நம் ஓ.சி.ஐ. அட்டையும் அதே ஜாதிதான். கல்யாணத்தின் பேரில் வாங்கியதாக இருந்தால், கோர்ட்டில் விவாகரத்து ஆனதும் அதை ரத்து செய்யலாம் என்று நம் குடியுரிமைச் சட்டமே சொல்கிறது. இருபது வருஷம் இங்கே சமைத்து, பிள்ளை பெற்று, தமிழில் சண்டை போடக் கற்றுக்கொண்ட ஜெர்மன் பெண்ணானாலும் இதுதான் விதி.

காகிதத்தின் வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1979 ஜனவரி 24. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இந்தியாவிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர் வந்து இறங்கினார். லண்டனில் இருக்கும் இந்திய வம்சாவளி மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள வந்தவர். அன்றைய பிரிட்டிஷ் விதிப்படி, மூன்று மாதத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ள வருகிற பெண்ணுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். ஏற்கெனவே மனைவி என்றால் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். அதற்கோ நீளமான க்யூ. 'நீ நிஜமாகவே கல்யாணமாகாதவளா?' என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ள அவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள்.

ஆமாம், விமான நிலையத்தில். ஓர் ஆசிரியைக்கு. 'கார்டியன்' பத்திரிகை பிப்ரவரி 1-ம் தேதி விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. இந்தியாவில் கொதித்துப்போனார்கள். அந்த மாதமே அந்த வழக்கத்தை நிறுத்தியது பிரிட்டிஷ் அரசு. 'ஒன்றிரண்டு பேருக்கு நடந்த தவறு' என்ற பேச்சும் நிற்கவில்லை. பழைய அரசுக் கோப்புகளைப் புரட்டிய இவான் ஸ்மித், மரினெல்லா மார்மோ என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், குறைந்தது 80 பெண்களுக்கு இப்படி நடந்திருப்பதை 2011-ல் வெளிக்கொண்டு வந்தார்கள். 'மனைவி', 'வருங்கால மனைவி' என்கிற இரண்டு சொல்லுக்கு நடுவே இருந்த சந்துக்குள் அத்தனை அவமானமும் நடந்தது.

நம் வாசல்படியிலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு விசாவைத் தேர்ந்தெடுக்கிற பாக்கியமே கிடையாது. 1983-லிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள். குண்டு விழுகிறபோது யார் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனார்கள்? அந்த முகாம்களில் வளர்ந்த பெண்ணும் நம் ஊர்ப் பையனும் விரும்பிக் கல்யாணம் செய்துகொள்வது தமிழ்நாட்டில் புதிதில்லை. பாஷை ஒன்று, சாமி ஒன்று, சாப்பாடும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் உரிய பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்தவர் சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறி'. அப்படிப்பட்டவருக்கு, இந்தியரைக் கட்டிக்கொண்டு ஏழு வருஷம் வசித்தாலும் குடியுரிமைப் பதிவு கிடையாது. 2004 டிசம்பர் 3-லிருந்து பிறக்கிற பிள்ளைக்கும், பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்பது மட்டும் போதாது; மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக்கூடாது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கியது. பெரிய நிம்மதிதான். ஆனால் தண்டனை இல்லை என்பதும் குடிமகள் என்பதும் ஒன்றில்லை. ஜெர்மன் மருமகளுக்கு இருக்கிற பாதை, மன்னார் மருமகளுக்கு இல்லை.

சட்டங்களுக்கும் சில சமயம் மனசாட்சி வருகிறது. கணவன் அடித்தாலும் கிரீன் கார்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பெண்கள், குடிமகனையோ நிரந்தரவாசியையோ கட்டியிருந்தால், அவன் உதவி இல்லாமலே தாங்களே மனுப் போடலாம் என்று 1994-ல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளைகள் கட்டிவிட்டுக் கைகழுவுகிற கொடுமை நம் ஊரில் குறையவில்லை என்பதால், 2024 பிப்ரவரியில் நம் சட்டக் கமிஷன் தனது 287-வது அறிக்கையில், வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியக் குடிமக்களைக் கட்டிக்கொள்கிற கல்யாணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டில் நமக்கு அந்தக் கவலை வேண்டாம். 2009-ம் வருஷத்துச் சட்டப்படி, எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்வது ஏற்கெனவே கட்டாயம். மண்டபத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேராவது ரெஜிஸ்டர் ஆபீஸுக்கும் போனால் நன்றாக இருக்கும்.

ஆக, நம்மாள் மாதிரி யாராவது என்னிடம் வந்து, 'எந்த விசா சார் பெஸ்ட்?' என்று கேட்டால், சீக்கிரம் கிடைப்பதைச் சொல்ல மாட்டேன். மலிவானதையும் சொல்ல மாட்டேன். எல்லை தாண்டி வருகிறவர், நாளைக்குச் சண்டை வந்தாலும் சொந்தக் காலில் நிற்க எது சீக்கிரம் வழி விடுகிறதோ, அதை எடுங்கள் என்பேன். நாலு மாதம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டுமா? காத்திருங்கள். பொருத்தம் பார்க்க மூன்று மாதம், பத்திரிகை அடிக்க ஒரு மாதம் காத்திருக்கிறவர்கள்தானே நாம்.

அப்புறம், சின்னச் சின்னக் காரியங்கள். கல்யாணச் சான்றிதழில் இரண்டு ஒரிஜினல் கிடைக்குமா என்று கேளுங்கள். வெளிநாட்டில் காட்ட வேண்டும் என்றால் 'அப்போஸ்டில்' முத்திரை வாங்கிவிடுங்கள். இருவர் பெயரிலும் பேங்க் கணக்கு, வாடகைப் பத்திரம், சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நிஜக் கல்யாணத்துக்கும் சாட்சி வேண்டியிருக்கிற காலம். விசா முடியும் தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போடுங்கள். மாமியார் பிறந்தநாளை மறந்தால் ஒரு வாரம்தான் தண்டனை. இதை மறந்தால் அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள்.

முக்கியமாக ஒன்று. நம் வீடுகளில் மருமகள் வந்ததும் பீரோ சாவியை அவள் கையில் கொடுப்பது பெருமை. வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் உங்களை நம்பி வந்தாலும் சரி, உங்களை நம்பி ஒரு பெண் வெளிநாட்டுக்கு வந்தாலும் சரி, பீரோ சாவி அப்புறம். அவளுடைய பாஸ்போர்ட், விசா, கல்யாணச் சான்றிதழ் மூன்றையும் ஒரு கவரில் போட்டு அவள் கையில் கொடுங்கள். அவள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பிப் போகலாம் என்று தெரிந்தும் உங்களோடு இருக்கிறாளே, அந்தக் குடித்தனத்துக்கு எந்த நாட்டு முத்திரையும் தேவையில்லை.